இமாம் புகாரியின் வாழ்க்கை: தெரிந்தவையும் அவை தெரியவந்த வழியும்

முஹம்மது பின் இஸ்மாயீல் அல்-புகாரி ஹிஜ்ரி 194ஆம் ஆண்டு ஷவ்வால் 13, வெள்ளிக்கிழமை (கி.பி. 810 ஜூலை) இன்றைய உஸ்பெகிஸ்தானில் உள்ள புகாரா நகரில் பிறந்தார். ஹிஜ்ரி 256, நோன்புப் பெருநாள் இரவில் (கி.பி. 870 செப்டம்பர் 1ஐ ஒட்டிய இரவு) சமர்கந்துக்கு அருகே கர்த்தங்க் என்ற சிற்றூரில் இறந்தார். சந்திர ஆண்டுக் கணக்கில் 13 நாள் குறைய 62 வயது. அவர் தொகுத்த 'ஸஹீஹுல் புகாரி'யை, குர்ஆனுக்கு அடுத்தபடியாக நம்பத் தகுந்த நூல் என்று சுன்னி முஸ்லிம்களில் மிகப் பெரும்பாலோர் ஏற்றிருக்கிறார்கள்.

ஒருவர் ஒரு செய்தியைச் சொன்னால், அவர் யாரிடம் கேட்டார், இருவரும் ஒரே காலத்தில் வாழ்ந்தார்களா, நேரில் சந்தித்தார்களா, இருவரின் நினைவாற்றலும் நேர்மையும் எப்படி என்று விசாரித்த பிறகே அச்செய்தியை ஏற்க வேண்டும் என்பது புகாரியின் வேலைமுறை. அவருடைய சொந்த வாழ்க்கையும் இதே போன்ற அறிவிப்பாளர் தொடர்களின் வழியாகத்தான் நம்மிடம் வந்திருக்கிறது. எனவே அவர் பிறருடைய செய்திகளுக்கு வைத்த உரைகல்லை அவருடைய வாழ்க்கைச் செய்திகளுக்கும் வைத்துப் பார்க்க முடியும். அப்படிப் பார்க்கும்போது மேடைகளில் அதிகம் சொல்லப்படும் சில செய்திகளின் தொடர் தளர்ந்தும், சொல்லத் தயங்கும் ஒரு செய்தியின் தொடர் இறுக்கமாகவும் இருப்பது தெரிகிறது.

ஆதாரங்கள்

முதல் சாட்சி அவருடைய எழுத்தர் முஹம்மது பின் அபூஹாத்திம். நகலெடுக்கும் பணியைச் செய்ததால் 'வர்ராக்' என்று அறியப்பட்டவர். புகாரியுடன் ஒரே வீட்டில் தங்கியும் பயணம் செய்தும் கண்டதை அவர் தனி நூலாக எழுதினார். அந்த நூல் இன்று முழுதாக இல்லை. ஆனால் ஹிஜ்ரி 748இல் (கி.பி. 1348) இறந்த திமஷ்க் வரலாற்றாசிரியர் தஹபி அதிலிருந்து பல பக்கங்களை எடுத்தாண்டிருப்பதால் பெரும்பகுதி தப்பியது. அடுத்தவர் இப்னு அதீ (இறப்பு கி.பி. 976). அவர் பிறந்தபோது புகாரி இறந்து 21 ஆண்டுகள் ஆகியிருந்தன. நீஷாப்பூர் நிகழ்ச்சிகளுக்கு அந்நகரின் வரலாற்றை எழுதிய ஹாகிம் (இறப்பு கி.பி. 1014), புகாரா நிகழ்ச்சிகளுக்கு அந்நகர வரலாற்றாசிரியர் குன்ஜார், எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேர்த்ததற்குக் கதீப் பக்தாதி (இறப்பு கி.பி. 1071) ஆகியோர் முக்கியமானவர்கள். புகாரியின் நூலுக்கு உரை எழுதிய இப்னு ஹஜர் அஸ்கலானி, அந்த உரைக்கான முன்னுரை நூலில் இவை அனைத்தையும் தொகுத்துத் தந்தார். தமிழில் வந்துள்ள வாழ்க்கைக் குறிப்புகளில் பலவும் இப்னு ஹஜரின் தொகுப்பையே நேராகவோ சுற்றுவழியாகவோ பின்பற்றுகின்றன.

குடும்பமும் இளமையும்

புகாரா அரபுப் படைகளிடம் வீழ்ந்தது கி.பி. 709இல், குதைபா பின் முஸ்லிமின் காலத்தில். புகாரியின் முப்பாட்டன்மாரில் ஒருவர் பெயர் பர்திஸ்பஹ். அது பாரசீக மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த பெயர். அவர் தம் பழைய மதத்திலேயே இறந்தார். அவருடைய மகன் முகீரா, புகாராவின் ஆளுநராக இருந்த யமான் ஜுஃபீ என்பவரின் கையால் இஸ்லாத்தைத் தழுவினார். அந்தத் தொடர்பால்தான் குடும்பத்துக்கு 'ஜுஃபீ' என்ற அரபுக் குலப்பெயர் ஒட்டிக்கொண்டது. அரபு மொழியின் மிகப் பெரிய நபிமொழித் தொகுப்பாளர்களில் ஒருவர் அரபு வம்சத்தில் வராதவர் என்பது அந்தக் காலத்தில் விந்தையே அல்ல. பெரிய ஆறு ஹதீஸ் (நபிமொழி) நூல்களைத் தொகுத்தவர்களில் பலரும் பாரசீக, மத்திய ஆசிய நிலங்களில் பிறந்து வளர்ந்தவர்கள்தாம். 'ஸஹீஹ் முஸ்லிம்' நூலைத் தொகுத்த முஸ்லிம் பின் ஹஜ்ஜாஜும் அரபுக் குலப்பெயர் கொண்ட நீஷாப்பூர்க்காரர்.

தந்தை இஸ்மாயீலும் ஹதீஸ் படித்தவர். மதீனாவின் இமாம் மாலிக்கைச் சந்தித்தவர். புகாரி சிறு பிள்ளையாக இருக்கும்போதே அவர் இறந்துவிட்டார். தம் சொத்தில் சந்தேகத்துக்குரிய ஒரு திர்ஹம்கூட இல்லை என்று இறக்கும் தறுவாயில் அவர் சொன்னதாக ஒரு செய்தி உண்டு. அந்தச் சொத்தே மகனின் படிப்புக்கும் பயணத்துக்கும் கைகொடுத்தது. வளர்த்தவர் தாய். குழந்தையின் கண் பார்வை போய், தாயின் இடைவிடாத பிரார்த்தனையால் திரும்பியது என்ற செய்தி குன்ஜார் போன்ற பிற்காலத்தவர் வழியாகவே வருகிறது. தமிழ்நாட்டு மேடைகளில் இது தவறாமல் இடம்பெறும். எழுத்தர் வர்ராக்கின் பகுதிகளில் இடம்பெறும் சாதாரண அன்றாடச் செய்திகளுக்கு உள்ள பலம் இதற்கு இல்லை.

பத்து வயதிலோ அதற்கு முன்போ ஹதீஸ் மனப்பாடம் தொடங்கியது. தாகிலீ என்ற ஆசிரியர் ஒரு நாள் அறிவிப்பாளர் தொடர் ஒன்றைப் படிக்கும்போது அபுஸ் ஸுபைர் என்பவர் இப்ராஹீம் என்பவரிடம் கேட்டதாகச் சொன்னார். அபுஸ் ஸுபைர் இப்ராஹீமிடம் கேட்டதே இல்லையே என்று மாணவர் குறுக்கிட்டார். ஆசிரியர் அதட்டினார். மூலப் பிரதியைப் பாருங்கள் என்றார் மாணவர். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்த ஆசிரியர், சரியான பெயர் என்ன என்று மாணவரிடமே கேட்டார். ஸுபைர் பின் அதீ என்று பதில் வந்தது. ஆசிரியர் எழுதுகோலை வாங்கித் தம் பிரதியைத் திருத்திக்கொண்டார். அப்போது வயது பதினொன்று என்று புகாரியே வர்ராக்கிடம் சொல்லியிருக்கிறார். தன்னைப் பற்றித் தானே சொன்ன செய்தி என்ற குறை இதற்கு உண்டு. ஆனாலும் அவர் பின்னாளில் செய்த வேலையின் அச்சு அசல் மாதிரி இதில் இருக்கிறது: பெயர் ஒன்று மாறினால் செய்தியின் தகுதியே மாறிவிடும் என்ற கூர்மை.

பயணங்கள்

ஹிஜ்ரி 210 வாக்கில், பதினாறு வயதில், தாயுடனும் அண்ணன் அஹ்மதுடனும் ஹஜ்ஜுக்குப் போனார். அவர்கள் ஊர் திரும்பினார்கள். இவர் மக்காவில் தங்கிவிட்டார். பிறகு மதீனா, பஸ்ரா, கூஃபா, வாஸித், பக்தாத், ஷாம், எகிப்து; கிழக்கே பல்க், மர்வ், ரய், நீஷாப்பூர். ஆயிரத்து எண்பது பேரிடம் எழுதிக்கொண்டதாக அவரே கணக்குச் சொல்லியிருக்கிறார். பக்தாதுக்கு மட்டும் எட்டு முறை போனதாகவும், ஒவ்வொரு முறையும் இமாம் அஹ்மத் பின் ஹன்பலைச் சந்தித்ததாகவும் செய்தி. ஆசிரியர்களில் அவர் தலைவணங்கியவர் பஸ்ராவின் அலீ பின் மதீனி. அவர் முன்னால் தவிர வேறு யார் முன்னாலும் தம்மைச் சிறியவராக உணர்ந்ததில்லை என்று சொன்னவர் புகாரி.

பணம் எங்கிருந்து வந்தது என்பதை வாழ்க்கை வரலாறுகள் பெரும்பாலும் தாண்டிப் போய்விடும். வர்ராக் தாண்டவில்லை. தந்தையின் சொத்தைப் பிறர் கையில் முதலாகக் கொடுத்து, லாபத்தில் பங்கு வாங்கும் முளாரபா முறையில் புகாரி வாழ்ந்தார். ஒருவர் 25,000 திர்ஹம் கடன் வைத்துவிட்டு ஆமுல் நகரில் இருந்தார். ஆளுநருக்குக் கடிதம் எழுதினால் ஒரே நாளில் பணம் வந்துவிடும் என்று நண்பர்கள் சொன்னார்கள். அதிகாரியிடம் ஓர் உதவி கேட்டால் நாளை அவர் என்னிடம் ஒன்று கேட்பார் என்று மறுத்துவிட்டு, மாதம் பத்து திர்ஹம் வீதம் தரட்டும் என்று ஒப்பந்தம் செய்துகொண்டார். அந்தக் கணக்கில் கடன் அடைய இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும் என்பது புகாரிக்குத் தெரியாமலிருக்காது. இன்னொரு முறை, சரக்கு ஒன்றுக்கு மாலையில் வந்த வணிகர்கள் 5,000 திர்ஹம் லாபம் தருவதாகச் சொன்னார்கள். மறுநாள் காலை வேறு வணிகர்கள் 10,000 தருவதாக வந்தார்கள். நேற்று வந்தவர்களுக்கே தருவது என்று மனத்துக்குள் எண்ணிவிட்டேன் என்று சொல்லிப் பாதிக்கே விற்றார்.

அம்பெய்வதில் அவருக்கு ஆர்வம் அதிகம். தாம் பார்த்தவரை இரண்டே முறைதான் குறி தவறியது என்கிறார் வர்ராக். ஒருமுறை ஃபிரப்ர் என்ற ஊரில் அம்பு ஒரு பாலத்தின் முளையில் பாய்ந்து அதைப் பிளந்துவிட்டது. பாலத்தின் உரிமையாளரைத் தேடி ஆள் அனுப்பி, முளையை மாற்றித் தரவோ விலை தரவோ அனுமதி கேட்டார். உரிமையாளர் மன்னித்துவிட்டார் என்று தெரிந்ததும் முகம் மலர்ந்து, அன்று வந்திருந்தவர்களுக்கு ஐந்நூறு ஹதீஸ்களைப் படித்துக் காட்டி, முன்னூறு திர்ஹம் தர்மம் செய்தார். இரவில் பதினைந்து, இருபது தடவை எழுந்து விளக்கேற்றி எதையோ குறித்துவிட்டு மறுபடி படுப்பார். ஏன் என்னை எழுப்பவில்லை என்று வர்ராக் கேட்டால், இளைஞன் நீ, உன் தூக்கத்தைக் கெடுக்க மனமில்லை என்பார். கண்ணால் கண்டவர், பெயர் தெரிந்தவர், நீண்ட காலம் உடனிருந்தவர் என்பதால் இத்தகைய செய்திகளுக்கு மதிப்பு அதிகம். அபிமானம் கலந்திருக்கும், ஆனால் பாலத்து முளையைக் கற்பனை செய்ய யாருக்கும் காரணமில்லை.

இதற்கு நேர்மாறானது, இமாமின் வாழ்க்கையிலேயே மிகப் புகழ்பெற்ற பக்தாத் சோதனை. நூறு ஹதீஸ்களை எடுத்து, ஒன்றன் தொடரை இன்னொன்றன் வாசகத்தோடு மாற்றிப் பொருத்தி, பத்துப் பேர் ஆளுக்குப் பத்தாக அவரிடம் கேட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் எனக்குத் தெரியாது என்றார். எல்லாம் முடிந்த பின், முதல் ஆள் தொடங்கி வரிசையாக, அவர்கள் சொன்ன தவறான வடிவத்தையும் சரியான வடிவத்தையும் நூறுக்கும் ஒப்பித்தார். இதை முதலில் பதிவு செய்தவர் இப்னு அதீ. அவர் யாரிடம் கேட்டார்? 'ஆசிரியர்கள் பலர்' சொல்லக் கேட்டதாக மட்டுமே சொல்கிறார். ஒரு பெயரும் இல்லை. பெயர் தெரியாத அறிவிப்பாளர் வழியாக வரும் செய்தியைத் தம் ஸஹீஹில் புகாரி சேர்த்திருக்க மாட்டார். சொன்னவர்கள் பலர் என்பதால் குறை நீங்கிவிடும் என்று வாதிட்டவர்களும் உண்டு. வரலாற்று நோக்கில், அவருடைய நினைவாற்றலுக்கு வேறு சான்றுகள் போதிய அளவு இருப்பதால் இந்த ஒன்றைச் சார்ந்திருக்க வேண்டிய தேவையே இல்லை.

ஸஹீஹுக்கு முன் வந்த பெருநூல்

பதினெட்டாம் வயதில், மதீனாவில் நபிகள் நாயகத்தின் அடக்கத்தலத்துக்கு அருகே, நிலவொளி இரவுகளில் 'அத்-தாரீகுல் கபீர்' என்ற நூலைத் தொடங்கியதாக அவர் சொல்லியிருக்கிறார். நபித்தோழர்களில் தொடங்கித் தம் ஆசிரியர்கள் வரை, ஹதீஸ் அறிவித்த பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்களைப் பற்றிய குறிப்புகள் அதில் உள்ளன. யார் யாரிடம் கேட்டார், யாரிடம் கேட்கவில்லை என்பதே பெரும்பாலான குறிப்புகளின் உள்ளடக்கம். ஒருவரைப் பொய்யர் என்று அவர் எளிதில் எழுதமாட்டார்; இவரைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கிறது என்பது போல மென்மையாகச் சொல்லிவிட்டு நகர்வார். அவருடைய நடை அறிந்தவர்கள் அதைக் கடுமையான நிராகரிப்பாகவே படிப்பார்கள்.

இந்த நூலை அச்சில் கொண்டுவந்தது இந்தியா. ஹைதராபாத்தின் தாயிரத்துல் மஆரிஃப் நிறுவனம் 1940-களில் இதை வெளியிடத் தொடங்கியது. அங்கே நீண்ட காலம் பணியாற்றிய ஏமன் நாட்டு அறிஞர் அப்துர் ரஹ்மான் முஅல்லிமீ பதிப்பு வேலையில் முக்கியப் பங்காற்றினார். புகாரியின் தாரீகில் உள்ள பிழைகளாக ரய் நகரத்து அபூஸுர்ஆ சுட்டியவற்றைத் தொகுத்த பழைய நூலும் அதே நிறுவனத்திலிருந்து அதே அறிஞரின் கையால் அச்சேறியது. சுட்டப்பட்டவற்றில் பல, புகாரியின் பிழைகள் அல்ல, அவர் நூலின் முற்பட்ட நகலில் இருந்தவை என்று முஅல்லிமீ காட்டினார். ஆசிரியர் தம் நூலைத் திருத்திக்கொண்டே இருந்தார் என்பதும், வெவ்வேறு நிலையிலிருந்த நகல்கள் ஊர் ஊராகப் பரவின என்பதும் இதனால் தெளிவாகின்றன.

ஸஹீஹ்

ஆசிரியர் இஸ்ஹாக் பின் ராஹவைஹின் அவையில், உறுதியான நபிமொழிகளை மட்டும் சுருக்கமான ஒரு நூலாக யாராவது தொகுக்கலாமே என்று ஒரு பேச்சு எழுந்தது. அது என் மனத்தில் பதிந்தது என்கிறார் புகாரி. ஆறு லட்சம் அறிவிப்புகளிலிருந்து பதினாறு ஆண்டுகளில் தேர்ந்தெடுத்ததாகவும், ஒவ்வொன்றையும் எழுதும் முன் குளித்து இரண்டு ரக்அத் தொழுததாகவும் அவர் சொல்லியிருக்கிறார். ஆறு லட்சம் என்பது ஆறு லட்சம் தனித்தனி நபிமொழிகள் அல்ல. ஒரே வாசகம் இருபது தொடர்களில் வந்தால் அது இருபதாகக் கணக்கிடப்படும்; நபித்தோழர்களின் கூற்றுகளும் கணக்கில் சேரும். இந்த விளக்கம் இல்லாமல் எண்ணை மட்டும் சொல்வதால்தான், ஐந்து லட்சத்து தொண்ணூறாயிரம் பொய் ஹதீஸ்கள் இருந்தனவா என்று கேலி செய்பவர்களுக்கு இடம் கிடைக்கிறது.

நூலில் உள்ளவை எத்தனை என்பதிலும் எண்ணும் முறைக்கேற்ப விடை மாறும். இப்னு ஹஜரின் கணக்குப்படி முழுத் தொடரோடு வருபவை, திரும்ப வருபவற்றையும் சேர்த்து, 7,397. திரும்ப வருபவற்றை நீக்கினால் 2,602. இன்று பரவலாக வழங்கும் எண்முறை 7,563இல் முடிகிறது. நூல் 97 பெரும்பிரிவுகளாக வகுக்கப்பட்டிருக்கிறது. நபிகள் நாயகத்துக்கும் புகாரிக்கும் இடையே மூன்றே பேர் உள்ள அறிவிப்புகள் இருபதைச் சற்றுத் தாண்டும். அவற்றில் பாதி, பல்க் நகரத்து முதியவர் மக்கீ பின் இப்ராஹீமிடம் கேட்டவை. இளம் வயதில் முதியவர்களைத் தேடிப் போனதன் பலன் அது.

ஸஹீஹை வெறும் தொகுப்பு என்று படிப்பது பாதிப் படிப்பு. ஒரே ஹதீஸ் பல இடங்களில் துண்டுதுண்டாக வரும். ஒவ்வோர் இடத்திலும் தலைப்பு வேறு. அந்தத் தலைப்பில்தான் அவர் தம் சட்டக் கருத்தைச் சொல்கிறார். ஹனஃபி சட்டப் பள்ளியினரை மறுக்கும் இடங்களில் பெயர் சொல்லாமல் 'மக்களில் சிலர்' என்று எழுதுவார். தொழுகையில் கைகளை உயர்த்துவது பற்றியும், இமாமின் பின்னால் நின்று ஓதுவது பற்றியும் தனித்தனிச் சிறு நூல்களும் எழுதினார். ஷாஃபிஈகளும் ஹன்பலிகளும் தத்தம் அறிஞர் பட்டியலில் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். நூலைப் படித்தால் அவர் எந்த மத்ஹபிலும் (சட்டப் பள்ளியிலும்) அடங்காமல் தாமே முடிவெடுத்தவராகத் தெரிகிறார்.

நூலை அஹ்மத் பின் ஹன்பல், யஹ்யா பின் மயீன், அலீ பின் மதீனி மூவரிடமும் காட்டியதாகவும், நான்கு ஹதீஸ்களைத் தவிர மற்றவற்றை அவர்கள் ஏற்றதாகவும் ஒரு செய்தி உண்டு. யஹ்யா இறந்தது ஹிஜ்ரி 233இல். செய்தி சரியென்றால் புகாரி 39 வயதுக்குள் நூலை முடித்திருக்க வேண்டும். ஆனால் நூல் அவர் இறக்கும்வரைகூட முழுமையாக மெருகேறவில்லை என்பதற்கு வலுவான சாட்சியம் இருக்கிறது. மாணவர் ஃபிரப்ரியிடம் இருந்த மூலப் பிரதியிலிருந்து நகலெடுத்த முஸ்தம்லீ, அதில் நிரப்பப்படாத வெற்றிடங்களும், ஹதீஸ் இல்லாத தலைப்புகளும், தலைப்பு இல்லாத ஹதீஸ்களும் இருந்ததாகச் சொன்னார். நகலெடுத்தவர்கள் இவற்றில் சிலவற்றை அடுத்தடுத்துச் சேர்த்து எழுதியதால்தான், தலைப்புக்கும் அதன் கீழ் உள்ள ஹதீஸுக்கும் என்ன தொடர்பு என்று உரையாசிரியர்கள் நூற்றாண்டுகளாகத் தலையைப் பிய்த்துக்கொள்ள நேர்ந்தது.

நீஷாப்பூர்

சொல்லத் தயங்கும் செய்தி இங்கே வருகிறது. கி.பி. 833இல் கலீஃபா மஃமூன், குர்ஆன் படைக்கப்பட்டது என்ற முஃதஸிலாக் கொள்கையை அறிஞர்கள் ஏற்க வேண்டும் என்று விசாரணை நடத்தினார். அஹ்மத் பின் ஹன்பல் சிறையும் சவுக்கடியும் பட்டு மறுத்தார். சுமார் பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் அந்தக் கெடுபிடி ஓய்ந்தது. அதற்குள் கிளைக் கேள்வி ஒன்று முளைத்திருந்தது: குர்ஆன் படைக்கப்படாதது, சரி, அதை மனிதன் ஓதும்போது எழும் அவனுடைய உச்சரிப்பு படைக்கப்பட்டதா? இந்தக் கேள்வியை எழுப்புவதையே அஹ்மத் வெறுத்தார்.

ஹிஜ்ரி 250இல் புகாரி நீஷாப்பூருக்கு வந்தபோது நகர மக்கள் வெகுதூரம் வெளியே போய் வரவேற்றார்கள். அந்நகரின் முதன்மை ஹதீஸ் அறிஞர் முஹம்மது பின் யஹ்யா துஹ்லி தாமே மாணவர்களைப் புகாரியிடம் போகச் சொன்னார். புகாரியின் அவை பெருத்தது. துஹ்லியின் அவை சிறுத்தது. ஒருநாள் ஒருவர் எழுந்து உச்சரிப்பைப் பற்றிக் கேட்டார். இரண்டு முறை முகத்தைத் திருப்பிக்கொண்ட புகாரி மூன்றாம் முறை பதில் சொன்னார்: குர்ஆன் இறைவனின் பேச்சு, படைக்கப்படாதது, மனிதர்களின் செயல்கள் படைக்கப்பட்டவை, இப்படிச் சோதித்துக் கேட்பது புதுமை. கூட்டம் கலைந்தது. துஹ்லி, புகாரியிடம் போகிறவர் என் அவைக்கு வர வேண்டாம் என்று அறிவித்தார். அங்கிருந்த முஸ்லிம் பின் ஹஜ்ஜாஜ் உடனே எழுந்து, துஹ்லியிடம் கேட்டு எழுதியவை அனைத்தையும் சுமையாளின் முதுகில் ஏற்றித் திருப்பி அனுப்பிவிட்டார்.

பொறாமைதான் காரணம் என்று புகாரியின் ஆதரவாளர்கள் எழுதினார்கள். அது ஒரு பங்கு இருக்கலாம். ஆனால் எதிர்ப்பு ஒருவரோடு நிற்கவில்லை. கி.பி. 938இல் இறந்த இப்னு அபீஹாத்திம் தம் அறிவிப்பாளர் அகராதியில் புகாரியைப் பற்றி எழுதும்போது, தம் தந்தை அபூஹாத்திமும் அபூஸுர்ஆவும் முதலில் புகாரியிடம் கேட்டார்கள், துஹ்லியின் கடிதம் வந்த பிறகு அவருடைய ஹதீஸ்களை விட்டுவிட்டார்கள் என்று ஒளிக்காமல் பதிவு செய்தார். மகன் தந்தையைப் பற்றிச் சொல்வது; இடையில் வேறு யாரும் இல்லை. புகாரியின் வாழ்க்கைச் செய்திகளில் இவ்வளவு குறுகிய, பெயர் தெரிந்த தொடர் சிலவற்றுக்கே உண்டு. தஹபி இதைக் கண்டு வருந்தினாரே ஒழிய மறுக்கவில்லை. தம் காலத்தின் மிகப் பெரிய துறை வல்லுநர்கள் சிலரால் ஒதுக்கப்பட்டவராகவே புகாரி தம் கடைசி ஆண்டுகளைக் கழித்தார். அவருடைய நூலுக்குப் பின்னாளில் கிடைத்த இடத்தை முன்னோக்கித் தள்ளி, வாழ்ந்த காலத்திலேயே எல்லாரும் அவரைத் தலைவராக ஏற்றிருந்தார்கள் என்று எழுதுவது பிழை.

அவர் நடந்துகொண்ட விதமும் ஸஹீஹிலேயே தடம் விட்டிருக்கிறது. துஹ்லியின் வழியாக வரும் ஹதீஸ்களை அவர் நீக்கவில்லை. ஏறத்தாழ முப்பது இடங்களில் எடுத்தாண்டிருக்கிறார். ஆனால் ஓரிடத்திலும் முழுப் பெயரைத் தரவில்லை; 'முஹம்மது' என்று மட்டுமோ, பாட்டன் அல்லது முப்பாட்டன் பெயரைச் சேர்த்தோ எழுதினார். அறிவிப்பாளராகத் துஹ்லி நம்பத் தகுந்தவர் என்பதால் ஹதீஸை விட மனமில்லை. தம்மைத் தாக்கியவரின் பெயரை முழங்கவும் மனமில்லை. முஸ்லிமோ தம் ஸஹீஹில் துஹ்லியையும் சேர்க்கவில்லை, புகாரியையும் சேர்க்கவில்லை. கொள்கையளவில் தம் பக்கத்தை விளக்கப் புகாரி 'கல்கு அஃப்ஆலில் இபாத்' என்ற நூலை எழுதினார். ஹதீஸ் தொகுப்பாளராக மட்டும் அறியப்படும் அவரை இறையியல் சிந்தனையாளராகவும் காட்டுவது இந்த நூல்.

கடைசி ஆண்டு

புகாராவுக்குத் திரும்பியபோது அங்கும் முதலில் வரவேற்புதான். தாஹிரீ அரசின் சார்பில் ஆண்ட காலித் பின் அஹ்மத், ஸஹீஹையும் தாரீகையும் தம் மாளிகைக்கு வந்து படித்துக்காட்டச் சொன்னார் என்று ஒரு செய்தி. தம் பிள்ளைகளுக்கு மட்டும் தனி வகுப்பு நடத்தச் சொன்னார் என்று இன்னொன்று. கல்வியை அரண்மனை வாசலுக்குச் சுமந்து வரமாட்டேன், வேண்டுமானால் பள்ளிவாசலுக்கோ என் வீட்டுக்கோ வரட்டும் என்பது இரண்டிலும் பதில். துஹ்லியின் கடிதம் புகாராவுக்கும் வந்திருந்தது. ஆளுநர் அதையே சாக்காக்கி நாடு கடத்தினார்.

ஹனஃபி நூல்களில் வேறொரு காரணம் உண்டு. ஒரே ஆட்டின் பாலைக் குடித்த இரு குழந்தைகள் பால் உறவில் உடன்பிறந்தவர்கள் ஆவார்கள் என்று புகாரி தீர்ப்புச் சொன்னதால் விரட்டப்பட்டார் என்று பதினோராம் நூற்றாண்டுச் சட்ட நூலாசிரியர் ஸரக்ஸீ எழுதினார். புகாரியின் சட்ட நுணுக்கத்தை அறிந்த எவரும் நம்ப முடியாத செய்தி. தாமே ஹனஃபியாக இருந்த பத்தொன்பதாம் நூற்றாண்டு லக்னோ அறிஞர் அப்துல் ஹய் லக்னவீ இதைச் சந்தேகத்துக்குரியது என்று ஒதுக்கினார்.

சமர்கந்து மக்கள் அழைத்ததை ஏற்றுப் புறப்பட்டவர், வழியில் கர்த்தங்கில் இருந்த உறவினர் வீட்டில் தங்கினார். தம்மை வைத்து அந்நகரிலும் இரண்டு கட்சி உண்டாகியிருப்பது தெரிந்தது. சில நாட்களில் அங்கேயே இறந்தார். உஸ்பெகிஸ்தான் அரசு 1998இல் அங்கே பெரிய நினைவு வளாகத்தைக் கட்டி முடித்தது.

நூலின் பயணம்

ஸஹீஹை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுசேர்த்தவர்களில் முதன்மையானவர் ஃபிரப்ரி (இறப்பு கி.பி. 932). இன்று உலகெங்கும் படிக்கப்படும் வாசகம் பெரும்பாலும் அவர் வழியில் வந்தது. பதினோராம் நூற்றாண்டில் மக்காவில் இதைப் பாடம் நடத்திப் புகழ்பெற்றவர் கரீமா மர்வஸிய்யா என்ற பெண்மணி. ஹஜ்ஜுக்கு வந்த கதீப் பக்தாதி ஐந்தே நாளில் முழு நூலையும் அவரிடம் படித்து முடித்தார். பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இறந்த யூனீனீ பல பிரதிகளை ஒப்பிட்டு, பாடவேறுபாடுகளைக் குறியீடுகளால் காட்டித் திருத்தமான பிரதியை உருவாக்கினார். அதை அடிப்படையாகக் கொண்டே உஸ்மானிய சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீதின் ஆணைப்படி 1890-களில் கெய்ரோவின் பூலாக் அச்சகத்தில் பதிப்பு வந்தது. இந்தியாவில் அதற்குச் சில பத்தாண்டுகள் முன்பே அஹ்மத் அலீ ஸஹாரன்பூரி டெல்லியில் பதிப்பித்திருந்தார்.

விமர்சனமும் கூடவே வந்தது. பக்தாதின் தாரகுத்னி (இறப்பு கி.பி. 995) இரு ஸஹீஹ் நூல்களிலும் சில தொடர்களில் நுட்பக் குறைகளைச் சுட்டினார். இவ்வகையில் கேள்விக்குள்ளான புகாரியின் அறிவிப்புகள் 110 என்றும், அவற்றில் 32 முஸ்லிமின் நூலிலும் உள்ளவை என்றும் எண்ணிய இப்னு ஹஜர், ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதினார். பதில் வலுவாக உள்ள இடங்களும், இழுத்துப் பொருத்திய இடங்களும் உண்டு என்பதை அவரே ஒப்புக்கொண்டார். இரு நூல்களும் கேள்விக்கு அப்பாற்பட்ட இடத்தை அடைந்தது உடனே நடந்ததல்ல. பத்து, பதினோராம் நூற்றாண்டுகளில் படிப்படியாக நடந்தது என்பதை ஜோனத்தன் பிரவுன் 2007இல் வெளியிட்ட ஆய்வில் விரிவாகக் காட்டினார். அதற்கு முன் மேலை ஆய்வாளர்கள் கோல்ட்ஸிஹரும் ஷாக்ட்டும் ஹதீஸ்களின் தோற்றத்தையே பிற்காலத்துக்குத் தள்ளியிருந்தார்கள். துருக்கிய அறிஞர் ஃபுவாத் செஸ்கின் 1956இல், புகாரி செவிவழிச் செய்தியை மட்டும் நம்பியவர் அல்லர், முந்தைய எழுத்து நூல்களிலிருந்து எடுத்தவர் என்று தொடர்களை ஆராய்ந்து காட்டினார்.

தமிழ் நிலத்தில்

திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காடு தொடங்கிக் கீழக்கரை, காயல்பட்டினம் வரையுள்ள கடற்கரை முஸ்லிம்களில் ஷாஃபிஈகள் அதிகம். உள்நாட்டில் ஹனஃபிகள் அதிகம். புகாரிக்கு எழுந்த இரு பேருரைகளும் இதே பிரிவினையைப் பிரதிபலிப்பவை. பத்ஹுல் பாரீயை எழுதிய இப்னு ஹஜர் ஷாஃபிஈ, உம்தத்துல் காரீயை எழுதிய ஐனீ ஹனஃபி. கெய்ரோவில் ஒரே காலத்தில் வாழ்ந்து ஒருவரையொருவர் மறுத்துக்கொண்டவர்கள். 'மக்களில் சிலர்' என்று புகாரி எழுதும் இடங்களில் ஐனீ தம் மத்ஹபுக்காக வாதாடுவது சுவையான படிப்பு. வேலூர் பாகியாத்துஸ் ஸாலிஹாத், 1924இல் தொடங்கிய உமராபாத் ஜாமியா தாருஸ்ஸலாம் போன்ற கல்லூரிகளில் ஸஹீஹுல் புகாரி உயர் வகுப்புப் பாடம். பாகவி, உமரி என்று பெயருக்குப் பின் பட்டம் போட்டுக்கொள்ளும் ஆலிம்கள் அதைக் கடந்தே வருகிறார்கள். காயல்பட்டினத்தில் ஆண்டுதோறும் ரஜப் மாதம் முழுவதும் புகாரி ஷரீஃப் மஜ்லிஸ் நடக்கிறது. நூல் ஓதப்பட்டு, விளக்கவுரையும் துஆவும் தொடரும். பிள்ளைகளுக்குப் புகாரி என்று பெயர் வைப்பதும் தமிழ் முஸ்லிம்களிடம் சகஜம். சென்னைவாசிகளுக்கு அந்தப் பெயர் முதலில் நினைவூட்டுவது அண்ணா சாலையில் அந்தப் பெயரிலேயே உள்ள உணவகத்தின் பிரியாணியை என்றால் அதற்கு அந்த வழக்கமே காரணம்.

அரபு தெரியாத வாசகர் கைக்கு ஸஹீஹ் வந்தது மிகச் சமீபத்தில். சென்னை ரஹ்மத் பதிப்பகம் ஆலிம்கள் குழுவைக் கொண்டு மொழிபெயர்த்துப் பல தொகுதிகளாக வெளியிட்டது. 1980-களுக்குப் பின் வளர்ந்த தவ்ஹீத் இயக்கங்கள் மத்ஹபுக்குப் பதில் ஹதீஸை நேராகப் பார்க்க வேண்டும் என்று வலியுறுத்தியதால், தொழுகையில் கை உயர்த்துவது முதல் எல்லாவற்றிலும் புகாரியின் எண் கேட்கும் பழக்கம் பரவியது. பிறகு அந்த இயக்கங்களுக்குள்ளேயே ஒரு பிளவு உண்டானது. நபிகள் நாயகத்துக்குச் சூனியம் வைக்கப்பட்டதாக வரும் அறிவிப்பு போன்றவை குர்ஆனுக்கு முரண் என்றால், புகாரியில் இருந்தாலும் விட்டுவிடலாம் என்றது ஒரு தரப்பு. தொடர் சரியாக இருக்கும்போது அப்படி விட முடியாது, முரண்பாடு புரிதலில்தான் என்றது மறு தரப்பு. இந்த வாதம் தமிழில் நூல்களாகவும் பொது விவாதங்களாகவும் தொடர்கிறது. தாரகுத்னி கேட்டது தொடரைப் பற்றி. இங்கே கேட்கப்படுவது வாசகத்தைப் பற்றி. இரண்டையும் ஒன்றாக்கி, முன்னோர்களும் மறுத்திருக்கிறார்கள் என்று ஒரு தரப்பும், முன்னோர் எவரும் எதையும் மறுத்ததே இல்லை என்று இன்னொரு தரப்பும் சொல்லும்போது, இரு தரப்பாரின் கூற்றும் நூல்களில் உள்ள சான்றோடு ஒத்துப்போவதில்லை.